ரண்சோட்லால் சோட்டாலால்: அகமதாபாத்தின் முதல் ஆலை அதிபரும் நகரசபைத் தலைவரும்

'மேயர்' என்ற சொல் நம் சென்னைக்குப் பழையது. 1688-லேயே கம்பெனிக்காரர்கள் சென்னைக்கு ஒரு மேயரை வைத்துவிட்டார்கள். அகமதாபாத்துக்கு அந்தச் சொல் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-ல். அதற்கு முன்னால் இங்கே இருந்தது முனிசிபாலிட்டி. அதன் தலைவருக்கு 'பிரஸிடெண்ட்' என்றுதான் பெயர். பெயர் எதுவானால் என்ன, வேலை ஒன்றுதான். அந்த நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்த இந்தியர் ஒரு வியாபாரி. அதற்கும் முன்னால் ஒரு குமாஸ்தா. லஞ்சம் வாங்கினார் என்று சர்க்கார் வேலையிலிருந்து வெளியேற்றப்பட்டவர். இந்த ஊரில் முதல் பஞ்சாலையை நட்டவர். இந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் கொண்டு வந்தவர். அதற்காக ஊர் முழுக்கத் திட்டு வாங்கியவர். அவர்தான் ராவ் பகதூர் ரண்சோட்லால் சோட்டாலால், சி.ஐ.ஈ. (1823–1898).

மில் வேலையை நம்பி இந்த ஊருக்கு வந்து மணிநகர் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் காதில் இந்தப் பெயர் விழுந்திருக்க நியாயமில்லை. காந்தியடிகள் தெரியும், சர்தார் படேல் தெரியும், சாராபாய் தெரியும். அவர்களுக்கெல்லாம் முன்னால் இந்த ஊரை ஆலை நகரமாக்கியவரைத் தெரியாது. அதனால்தான் நம் சங்க மலருக்கு இவரை எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அகமதாபாத்தை உண்டாக்கியது ஜைனர்களே என்று எங்களவர் பெருமை பேசுவது வழக்கம். அதில் பாதி உண்மை. சாந்திதாஸ் ஜவேரி முதல் கஸ்தூர்பாய் லால்பாய் வரை முந்நூறு ஆண்டுகளாக இந்த ஊரின் பணப்பெட்டிச் சாவி பெரும்பாலும் ஜைன சேட்டுகள் மடியில்தான் இருந்தது. ஆனால் முதல் ஆலையை வைத்தவர் ஜைனர் இல்லை. பரம்பரை வணிகரும் இல்லை. எழுத்து வேலையும் உத்தியோகமுமாக வாழ்ந்த நாகர் பிராமணர். அதெப்படி நேர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமான கேள்வி.

சேட்டுகளின் ஊர்

பழைய அகமதாபாத்தை ஆண்டவர்கள் சுல்தான், மொகலாயர், மராட்டியர் என்று மாறி மாறி வந்தார்கள். உள்ளூர்க் காரியங்களை நடத்தியது மகாஜனங்கள் என்னும் வணிகர் சங்கங்கள். எல்லா மகாஜனங்களுக்கும் தலைக்கட்டாக இருந்தவர் நகர்சேட். சாந்திதாஸின் வழிவந்த குஷால்சந்த் சேட் 1725-ல், மராட்டியப் படை ஊரைக் கொள்ளையிடக் காத்திருந்தபோது, தன் கைப்பணத்தைக் கொட்டிக் கொடுத்து ஊரைக் காப்பாற்றினார். அதற்கு நன்றியாக, ஊரில் முத்திரையாகும் சரக்கில் நூறு ரூபாய்க்கு நாலணா வீதம் அவர் வம்சத்துக்குக் கொடுப்பதென்று வியாபாரிகள் கூடி எழுதிக் கொடுத்தார்கள். கால் சதவீதம்தான். ஆனால் அதை யாரும் மறுக்கவில்லை. ஊருக்குச் செலவு செய்தவனுக்கு ஊர் தன் வியாபாரத்திலிருந்தே திருப்பிக் கொடுத்தது. நகராட்சி வரி என்று நாம் இன்று சொல்வதன் வேர் இதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

வெள்ளைக்காரர் வந்த பிறகும் இந்த வழக்கம் ஒரேயடியாக அற்றுப் போகவில்லை. 1830-களில் இடிந்து கிடந்த கோட்டை மதிலைப் பழுது பார்க்க, நெய் போன்ற சரக்குகள் மீது சிறு தீர்வை போட்டு ஊரார் நிதி சேர்த்தார்கள். அந்த மதில் நிதிக் குழுவே வளர்ந்து 1858-ல் முனிசிபாலிட்டியாயிற்று. மேலே கலெக்டர், சுற்றிலும் சேட்டுகள்.

ரண்சோட்லால் பிறந்தது 1823-ல். பாரசீகம், சமஸ்கிருதம், குஜராத்தி, கொஞ்சம் ஆங்கிலம் என்று அந்தக் காலத்து உத்தியோகத்துக்கு வேண்டிய படிப்பு படித்தார். 1840-களின் தொடக்கத்தில் சுங்க இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அப்புறம் கிழக்குக் குஜராத்தில் ஆங்கில அதிகாரிகளுக்கு உதவி அதிகாரியாக உயர்ந்தார்.

சுங்கச் சாவடியில் உட்கார்ந்தவனுக்கு ஊரின் வியாபாரம் முழுக்கக் கண்முன்னே போகும். எந்த வண்டியில் என்ன போகிறது, என்ன வருகிறது, எதற்கு என்ன விலை, எல்லாம் அவன் கணக்கில் விழும். குஜராத்தின் பஞ்சு பொதி பொதியாகக் கடலுக்குப் போயிற்று. அதே பஞ்சு மான்செஸ்டரில் நூலாகவும் துணியாகவும் மாறித் திரும்பி வந்தது. போக்குவரத்துக் கூலி இரண்டு முறை, தரகு இரண்டு முறை, காப்பீடு இரண்டு முறை. நடுவே உள்ளூரில் நூல் நூற்ற பெண்களின் கதிர் நின்றுபோயிற்று. இதைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். நூற்கும் யந்திரத்தை இங்கேயே கொண்டுவந்தால் என்ன என்று கணக்குப் போட்டவர் இவர்.

பத்து வருஷம் ஆகாத காரியம்

1840-களின் முடிவில் மேஜர் ஃபுல்ஜேம்ஸ் என்ற ஆங்கில அதிகாரியின் துணையோடு ஒரு திட்டம் தயாரித்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் அதை வெளியிட்டுப் பங்குதாரர்களைக் கூப்பிட்டார். அப்போது பம்பாயிலேகூட பஞ்சாலை கிடையாது. காவஸ்ஜி நானாபாய் தாவர் பம்பாயில் கம்பெனி ஆரம்பித்ததே 1854-ல்தான். அகமதாபாத் சராபுகள் யாரும் முன்வரவில்லை. பரோடாவுக்குப் போய்ப் பார்த்தார். அங்கேயும் கை விரித்தார்கள்.

ஏன் விரித்தார்கள்? 'யந்திரம் ஜீவஹிம்சை, அதனால் ஜைன சேட்டுகள் ஒதுங்கினார்கள்' என்று சிலர் எழுதுகிறார்கள். எங்கள் சாஸ்திரத்தில் இல்லறத்தான் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்கள் சொல்லப்பட்டிருப்பது வாஸ்தவம். அதில் 'யந்திர பீடனம்' என்று யந்திரத்தில் இட்டு ஆட்டுவதும் ஒன்று. ஆனால் அதே பட்டியலில் விஷ வியாபாரமும் இருக்கிறது. மாளவத்து அபினி இந்த ஊர் வழியாகத்தான் போயிற்று. அபினியில் பேரம் பேசியவர்களில் எங்கள் சேட்டுகளும் இருந்தார்கள். அதற்குக் குறுக்கே வராத சாஸ்திரம் ஆலைக்கு மட்டும் வந்தது என்றால் நான் நம்ப மாட்டேன். விஷயம் வட்டிதான், பாருங்க. உண்டியலிலும் அபினியிலும் பணம் மாதக் கணக்கில் திரும்பி வரும். ஆலையில் போட்ட பணம் இரும்பாக நின்றுவிடும். வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பார்க்காத யந்திரம், தெரியாத தொழில், முன்னால் நிற்பவனோ வியாபாரியே அல்லாத ஒரு சர்க்கார் குமாஸ்தா. நான் அன்று சராபுக் கடை வைத்திருந்தால் நானும் 'பார்க்கலாம்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

இந்த நிலையில்தான் 1850-களின் நடுவில் லஞ்சக் குற்றச்சாட்டு வந்தது. விசாரணை நடந்தது, வேலை போயிற்று. பிற்காலத்தில் அதே சர்க்கார் ராவ் பகதூர் பட்டமும் சி.ஐ.ஈ. விருதும் கொடுத்துச் சட்டசபையிலும் உட்கார வைத்தது. இதை வைத்துக்கொண்டு 'குற்றம் பொய், அதனால்தான் கௌரவித்தார்கள்' என்று அவரைப் பாராட்டுகிறவர்கள் முடிவு கட்டுவார்கள். பட்டம் கொடுப்பது தீர்ப்பு ஆகாது. சர்க்காருக்கு வேண்டியவர் ஆனதும் பழைய கோப்பை மூடிவிடுவது எந்த ராஜ்யத்திலும் உண்டு. ஆனால் ஒன்று சொல்லலாம். அந்தக் காலத்து விசாரணைகளில் சமஸ்தானத்து அரண்மனைச் சண்டைகளும் உள்ளூர்ப் பகைகளும் நிறையவே புகுந்து விளையாடும். இந்திய உத்தியோகஸ்தன் மேல் ஒரு மனு போட்டால் போதும், அவன் கதை முடிந்துவிடும். இது பொதுவான நிலைமை. அதற்கு மேல் நான் போக விரும்பவில்லை.

முப்பது வயதுக்கு மேல் வேலை போன மனிதன் என்ன செய்வான்? நாகர் குடும்பத்தில் உத்தியோகம் போனால் மானமே போனது போலத்தான். இன்னொரு சமஸ்தானத்தில் திவான் வேலை தேடிக்கொண்டு போவதுதான் வழக்கமான வழி. ரண்சோட் என்ற பெயருக்கே 'போர்க்களத்தை விட்டுப் போனவன்' என்று பொருள். ஜராசந்தனிடமிருந்து விலகித் துவாரகைக்குப் போன கண்ணனுக்குக் குஜராத்தில் வழங்கும் பெயர் அது. டாகோர் கோயிலில் இருப்பவர் அந்த ரண்சோட்ராய்தான். இவர் எங்கேயும் போகவில்லை. பழைய திட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்.

இந்த முறை நிலைமை மாறியிருந்தது. பரூச்சில் லாண்டன் என்ற ஆங்கிலேயர் ஆலை வைத்துவிட்டார், பம்பாயில் தாவரின் ஆலை ஓடியது. கண்ணால் பார்த்த பிறகு சேட்டுகள் மனமும் கொஞ்சம் இளகிற்று. ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் வீதம் இருபது பங்கு, மொத்தம் ஒரு லட்சம் ரூபாய் மூலதனம் என்று ஆரம்பித்தார்கள். 'அகமதாபாத் ஸ்பின்னிங் அண்டு வீவிங் கம்பெனி' என்று பெயர். ஒரு பங்கு ஐயாயிரம் என்பதைக் கவனிக்க வேண்டும். நூறு ரூபாய்ப் பங்காகப் பொது ஜனத்திடம் விற்கும் பம்பாய் முறை இல்லை இது. இருபது பெரிய மனிதர்கள், ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். ஒருத்தன் பின்வாங்கினால் மானம் போகும்.

யந்திரம் வாங்குவதற்கு லண்டனில் உதவியவர் தாதாபாய் நௌரோஜி. அவர் அப்போது காமா கம்பெனி காரியமாக அங்கே போயிருந்தார். யந்திரத்தை ஏற்றி வந்த கப்பல் வழியில் தீப்பிடித்து நாசமாயிற்று. மறுபடி ஆர்டர் போட்டு, மறுபடி காத்திருந்து, இரண்டாவது சரக்கு காம்பே துறைமுகத்தில் வந்து இறங்கியது. இன்றைய கம்பாத். ரயில் அப்போது அகமதாபாத்தை எட்டவில்லை. அங்கிருந்து ஏறத்தாழ ஐம்பது மைல் தூரம், அத்தனை இரும்பும் மாட்டு வண்டியில் வந்தது. யந்திரத்தைப் பூட்டுவதற்கென்று இங்கிலாந்திலிருந்து வந்த என்ஜினீயர் காலரா கண்டு இறந்து போனார். கொதிகலனைப் பார்த்தே இராத ஊரில், பூட்டத் தெரிந்தவன் செத்துப் போனால் என்ன செய்வது? வேறு ஆள் தேடிப் பிடித்து வேலையை முடித்தார்கள்.

1861 மே 30 அன்று ஆலை ஓட ஆரம்பித்தது. 2,500 கதிர்கள். தொழிலாளர் 65 பேர். இன்று ஒரு சின்ன நூற்பாலைகூட இதைவிடப் பெரிது.

காலம் அவருக்கு அனுகூலமாக இருந்ததா என்று கேட்டால், இரண்டு விதமாகவும் சொல்லலாம். அதே 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்தது. அமெரிக்கப் பஞ்சு நின்றுபோய் நம் பஞ்சின் விலை வானத்துக்கு ஏறிற்று. பஞ்சு வியாபாரிக்குக் கொண்டாட்டம். பஞ்சை வாங்கி நூற்கிற ஆலைக்காரனுக்குத் திண்டாட்டம். பம்பாயில் எல்லாரும் பங்குச் சூதில் இறங்கினார்கள். 1865-ல் போர் முடிந்ததும் அந்தக் கோபுரம் இடிந்து விழுந்தது. பிரேம்சந்த் ராய்சந்த் போன்ற கோடீஸ்வரரே சாய்ந்தார். ரண்சோட்லால் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். சில வருஷத்தில் தறிகளையும் சேர்த்தார். 1867-ல் பேசர்தாஸ் லஷ்கரி என்ற பாட்டீதார் இரண்டாவது ஆலையை ஆரம்பித்தார். 1870-களில் ரண்சோட்லாலே இன்னொரு ஆலை வைத்தார். லாபம் வருகிறது என்று தெரிந்த பிறகு ஜைன சேட்டுகள் வந்தார்கள். வந்த பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. காலிகோ 1880-ல். லால்பாய் தல்பத்பாய் வீட்டாரின் சரஸ்பூர் ஆலை 1890-களில். யந்திர பீடனம் என்ற பேச்சே எழவில்லை.

அகமதாபாத் ஆலைகளுக்கென்று ஒரு தனி நிதி முறை உண்டு. பேங்குக் கடனைவிட ஊராரின் டெபாசிட்டே அவற்றின் ரத்த ஓட்டம். விதவையின் சேமிப்பு, கோயில் பணம், சின்ன வியாபாரியின் உபரி எல்லாம் ஆலை முதலாளியின் பேரேட்டில் வட்டிக்கு வரவாகும். முதலாளியின் பேர் கெட்டால் ஒரே வாரத்தில் எல்லாரும் பணத்தைக் கேட்டு வாசலில் நிற்பார்கள். ஆகவே இங்கே முதலாளிக்குப் பேர் என்பதே மூலதனம். லஞ்சப் புகாரில் வேலை இழந்த ஒருவர் இப்படிப்பட்ட ஊரில் இருபது வருஷத்தில் முதல் வரிசையில் வந்து நின்றார் என்றால், அந்தப் புகாரைப் பற்றி ஊர் என்ன நினைத்தது என்பது தெரிகிறது. பட்டத்தைவிட இதை நான் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்வேன்.

தண்ணீரும் சாக்கடையும்

ரிப்பன் பிரபு 1882-ல் ஸ்தல சுயாட்சித் தீர்மானம் கொண்டு வந்தார். முனிசிபாலிட்டிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் வந்தார்கள். அதையொட்டி, கலெக்டர் உட்கார்ந்த தலைவர் நாற்காலிக்கு 1885-ல் ரண்சோட்லாலை சர்க்கார் நியமித்தது. அவருக்கு அப்போது அறுபதைத் தாண்டிய வயது. சாகும் வயதில் மாலை மரியாதைக்காக ஏற்றுக்கொள்ளும் பதவி என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

அன்றைய ஊர் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். மதிலுக்குள்ளே ஒன்றேகால் லட்சம் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. 'போள்' என்று சொல்லப்படும் சந்துகள். ஒரு போளுக்கு ஒரு வாசல், உள்ளே ஒரே ஜாதிக்காரர்கள், அல்லது ஒரே தொழில்காரர்கள். 2017-ல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரம் என்று அறிவித்ததே இந்தப் பகுதியைத்தான். மர வேலைப்பாட்டைப் பார்த்து இன்று போட்டோ எடுக்கிறோம். அன்று அந்த வீடுகளில் மலம் போவது 'கால்குவா' என்ற குழிக்கிணற்றில். வீட்டுக்குள்ளேயோ வாசலிலோ தோண்டியிருக்கும். வருஷக் கணக்கில் அப்படியே ஊறும். பக்கத்திலேயே குடிநீர்க் கிணறு. ஊர்க் கிணறுகளில் பலவும் உப்புக் கரித்தன. பணக்காரர் வீட்டு முற்றத்தின் கீழே சுண்ணாம்பு பூசிய 'டாங்கா' தொட்டி இருக்கும். மழைத் தண்ணீரை அதில் பிடித்து வருஷம் பூராவும் குடிப்பார்கள். இல்லாதவன் சாபர்மதி மணலில் ஊற்றுத் தோண்டிச் சுமந்து வருவான். குழியை வாரிச் சுமந்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை, அவர்கள் மனுப் போட்டதாகவும் எங்கும் எழுதியில்லை. காலராவும் பேதியும் ஆண்டுதோறும் வந்து போகும். ரண்சோட்லாலின் என்ஜினீயரைக் கொண்டுபோன அதே காலராதான்.

அவர் போட்ட திட்டம் இரண்டு பகுதி. சாபர்மதிக் கரையில் தூதேஷ்வரில் கிணறு தோண்டி, நீராவி பம்பால் இறைத்து, குழாய் வழியே ஊருக்குத் தண்ணீர். இரண்டாவது, பூமிக்கடியில் சாக்கடை. தண்ணீர் மட்டும் வந்து சாக்கடை இல்லாவிட்டால் கால்குவாக்கள் நிரம்பி வழிந்து நிலைமை இன்னும் மோசமாகும் என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். ஆகவே இரண்டையும் சேர்த்தே கேட்டார்.

ஊர் கொதித்தது. கூட்டம் போட்டார்கள், மனு மேல் மனு போட்டார்கள். அவர் பக்கம் நின்றவர்கள் கொஞ்சம் பேர். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் பலர் எதிர்ப்பு. நியமன உறுப்பினர்களை வைத்துக்கொண்டு அவர் தீர்மானங்களை நிறைவேற்ற வேண்டி வந்தது. இதை மறைக்கக் கூடாது. ஓட்டுக்கு விட்டிருந்தால் அகமதாபாத்துக்கு அன்று சாக்கடை வந்திருக்காது.

எதிர்த்தவர்களை மூடர்கள் என்று தள்ளிவிடுவது சுலபம். அவர்கள் சொன்ன காரணங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் அப்படித் தள்ள முடியாது. முதல் காரணம் வரி. வீட்டு வரி, தண்ணீர் வரி என்று ஏறும். ஆலை முதலாளிக்கு அது தூசி, நெசவாளிக்கும் சில்லறைக் கடைக்காரனுக்கும் சுமை. இது நியாயம். இரண்டாவது, பூமிக்கடியில் போகும் சாக்கடை வேலை செய்யுமா என்ற சந்தேகம். சமதளமான ஊர், போளுக்குள்ளே ஏழடிச் சந்து, அடியில் குழாய் அடைத்துக்கொண்டால் யார் திறப்பது? இந்தியாவில் அப்போது பார்த்துக் கற்றுக்கொள்ள ஊர்கள் அதிகம் இல்லை. இதுவும் நியாயம்தான்.

மூன்றாவது ஆசாரம். குழாயில் தோல் வாஷர் இருக்கிறது, அதைத் தொட்டு வந்த தண்ணீர் தீட்டு என்று அந்தக் காலத்தில் இந்தியாவின் பல ஊர்களில் ஆட்சேபம் எழுந்தது. சிரிக்க வேண்டாம். எங்கள் ஜைன சமயத்தில் இதைவிட நுட்பமான சங்கடம் ஒன்று உண்டு. நாங்கள் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். வடிகட்டினால் போதாது, துணியில் தங்கிய நுண்ணுயிர்களை அதே நீர்நிலையில் திருப்பி விட வேண்டும். கிணற்று நீரில் இது முடியும். குழாய் நீரில் எங்கே திருப்பி விடுவது? அதனால்தான் இன்றும் எங்கள் திகம்பர முனிவர்களுக்கு ஆகாரம் செய்யும்போது கிணற்று நீரைத்தான் உபயோகிக்கிறோம். திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்து நயினார் வீடுகளில் முனிவர் வருகிறார் என்றால் முதலில் தேடுவது நல்ல கிணறு. ஆகவே குழாய் வேண்டாம் என்று சொன்ன எல்லாரும் அறிவில்லாதவர்கள் இல்லை. அவர்களுக்கு ஒரு தர்மம் இருந்தது. ஆனால் அந்தத் தர்மம் பேசியவர்களின் கிணற்றுக்கு ஆறடி தள்ளிக் கால்குவா இருந்தது என்பதும் உண்மை. உயிருக்கு இரக்கம் காட்டுவதென்றால் பக்கத்துப் போளில் பேதியில் சாகும் குழந்தையும் உயிர்தானே.

ரண்சோட்லால் ஆசார சீலர். சீர்திருத்தக்காரர் என்று பெயர் எடுத்தவர் அல்ல. அதுவே அவருக்கு உதவிற்று என்று நினைக்கிறேன். கோட்டும் தொப்பியும் போட்டு வந்த ஒருவர் குழாய் நீர் சுத்தம் என்றால் ஊர் கேட்டிருக்காது. பூஜை முடித்து வரும் பிராமணக் கிழவர் சொன்னபோது 'இவருக்கு இல்லாத ஆசாரமா நமக்கு' என்று யோசித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

1891-ல் தூதேஷ்வர் நீர்நிலையம் வேலை செய்ய ஆரம்பித்தது. அதே சமயத்தை ஒட்டிப் பாதாளச் சாக்கடையின் முதல் பகுதியும் போடப்பட்டது. லண்டனில் இருந்தபடியே இந்திய ஊர்களின் சுகாதாரத்தைக் கவனித்து வந்த ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இந்த வேலையில் அக்கறை கொண்டு இவரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். தாதியர் குலத்தின் தாய் என்று நாம் படமாக மட்டுமே பார்த்திருக்கும் அம்மையார், அகமதாபாத் போள்களின் சாக்கடை பற்றி ஒரு மில் முதலாளியோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

குழாய் வந்ததும் என்ன நடந்தது? எதிர்த்தவர்களே இணைப்புக் கேட்டார்கள். இது எல்லா ஊர்க் கதையும்தான். சாக்கடைக்கு அவ்வளவு சுலபமாக மனம் மாறவில்லை. இணைப்புக்கு வீட்டுக்காரன் தன் கைப்பணம் போட வேண்டும், கால்குவாவை மூட வேண்டும். மதிலுக்குள் முழுவதும் போட்டு முடிக்க அவர் ஆயுள் போதவில்லை.

கணக்கின் மறுபக்கம்

ஐந்தொகை எழுதினால் வரவு மட்டும் காட்டக் கூடாது. ஆலைகளில் அப்போது வேலை நேரம் என்பது சூரியன் உதித்தது முதல் அஸ்தமிக்கும் வரை. கோடையில் பதின்மூன்று, பதினாலு மணி. 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஏழு வயது முடிந்தால் ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம். 1891-ல்தான் அது ஒன்பது வயது, ஏழு மணி நேரம் என்றாயிற்று. பெண்களுக்குப் பதினொரு மணி நேரம் என்று வரம்பு வந்தது. பெரிய ஆண்களுக்கு வரம்பே கிடையாது. அகமதாபாத் ஆலை முதலாளிகள் யாரும் இதற்கு விலக்கல்ல. ரண்சோட்லால் ஆலையும் அந்தக் காலத்து ஆலைதான். ஆலைகளின் புகையும், ஆலையை நம்பி வந்து மதிலுக்கு வெளியே குடிசை போட்ட ஜனமும் ஊரின் சுகாதாரத்துக்குப் புதுச் சுமை. முனிசிபாலிட்டித் தலைவராக அவர் துடைத்த அழுக்கில் ஒரு பகுதி, ஆலை முதலாளியாக அவர் வரவழைத்தது. குழாயும் சாக்கடையும் முதலில் போனது மதிலுக்குள்ளே, வரி கட்டுகிறவர்களின் போள்களுக்கு. ஆலைத் தொழிலாளியின் சாலிக்கு அவை வந்து சேர இன்னும் ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. நம் தமிழ்த் தொழிலாளர்கள் பிற்காலத்தில் வந்து குடியேறியதும் அந்தச் சாலிகளில்தான்.

சர்க்காரின் ஆதரவில் நின்று ஊரின் விருப்பத்துக்கு எதிராகக் காரியம் செய்தார் என்பது அவர் மேல் தேசிய வாதிகள் சொன்ன குறை. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 1917-ல் நகரசபைக்குள் நுழைந்த வல்லபாய் படேல், பிறகு 1924 முதல் 1928 வரை தலைவராக இருந்தபோது, அவருடைய பெரும் உழைப்பும் இதே தண்ணீர், இதே சாக்கடை மேல்தான் போயிற்று. ராஜ விசுவாசி ஆரம்பித்ததை சுயராஜ்யக்காரர் தொடர்ந்தார்.

ரண்சோட்லால் 1898 அக்டோபர் 26-ல் காலமானார். அடுத்த ஆண்டு குஜராத்தில் பெரும் பஞ்சம். விக்ரம சம்வத் 1956 என்பதால் 'சப்பனியோ' என்று கிழவர்கள் சொல்லி நடுங்குவார்களாம். கிணறுகள் வற்றிக் கிடந்த அந்த வருஷத்தில், தூதேஷ்வர் பம்பைத் திட்டியவர்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் பேரன் சினுபாய் மாதவ்லால், பாட்டனின் செல்வத்தில் பெரும் பகுதியைக் கல்விக்குக் கொடுத்தார். குஜராத் கல்லூரி வளர்ந்ததில் அவர் பங்கு அதிகம். 1913-ல் பாரோனெட் பட்டம் பெற்றார். இந்துக்களில் அதைப் பெற்ற முதல்வர் அவரே. ஆர்.சி. டெக்னிகல் இன்ஸ்டிடியூட் என்று நாம் சொல்கிறோமே, அதில் 'ஆர்.சி.' என்பது ரண்சோட்லால் சோட்டாலால்தான். அங்கே படித்து வேலைக்குப் போன நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

1950-ல் நகரசபை கார்ப்பரேஷன் ஆனது. முதல் மேயராக வந்தவர் சினுபாய் சிமன்பாய். அவரும் ஆலை அதிபர்தான், கஸ்தூர்பாய் லால்பாயின் அண்ணன் தம்பி பிள்ளை முறை, ஜைனர். லெ கார்பூசியேவை வரவழைத்து ஊருக்கு அருங்காட்சியகம் கட்டச் சொன்னவர். அறுபத்தைந்து வருஷம் கழித்து அந்த நாற்காலிக்கு ஒரு ஜைன சேட் வந்து சேர்ந்தார். 1980-களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. காலிகோவும் 1998-ல் மூடியது. ஆயிரமாயிரம் பேர் வேலை இழந்தார்கள், தமிழர்களும் அதில் உண்டு. ஆலைச் சங்கு ஓய்ந்துவிட்டது. தூதேஷ்வரில் தண்ணீர் வேலை மட்டும் நூற்றாண்டைத் தாண்டியும் நடந்தது.